‘டாட்ஜி’ என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனுக்குப் படிக்கப் போனவர்கள், சென்னையில் உட்கார்ந்து லண்டன் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள், கிரிக்கெட் வர்ணனையை ஆங்கிலத்தில் கேட்பவர்கள் என எல்லாரும் என்றாவது ஒருநாள் ‘டாட்ஜி’ என்ற இந்த ஆங்கிலப் பேச்சுச் சொல்லில் இடறுகிறார்கள். பள்ளிப் பாடத்தில் இது வராது. அகராதியைப் புரட்டினால் ‘நேர்மையற்ற’, ‘நம்பமுடியாத’ என்று இரண்டு வார்த்தை கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு பிரிட்டிஷ்காரர் சொன்னதைப் புரிந்துகொள்ளப் போனால் வீண் மனக்கசப்புதான் மிஞ்சும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் என்ன பொருள்?

நம்பிக் கைவைக்க முடியாதது எதுவோ அது டாட்ஜி. ஆளாக இருக்கலாம், பிரேக்காக இருக்கலாம், நேற்று வாங்கிய இறாலாக இருக்கலாம். ஏன் நம்ப முடியவில்லை என்பதை இந்தச் சொல் தானாகச் சொல்லாது. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்தான் அதைச் சொல்லும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எப்படி உச்சரிப்பது?

ஆங்கிலத்தில் டி, ஓ, டி, ஜி, ஈ, ஒய் என்று ஆறு எழுத்து எழுதுபவர்களைப் பார்க்கலாம். அது தவறு, நடுவில் ஈ வராது. ஐந்தே எழுத்து. பிரிட்டிஷ் வாயில் முதல் உயிர் குறுகி ‘டொட்ஜி’ என்றே விழும். ஈழத்தமிழர் எழுதும் ‘டொட்ஜி’தான் அந்த ஒலிக்குப் பக்கத்தில் வருகிறது. தமிழ்நாட்டு வழக்கப்படி நான் ‘டாட்ஜி’ என்று எழுதுகிறேன்.

‘டாட்ஜ் பண்றான்’ என்று நாமே சொல்கிறோமே, அதே சொல்தானா?

வேர் ஒன்றுதான், பொருள் நகர்ந்துவிட்டது. கடன் வாங்கியவர் போனை எடுக்காமல் டபாய்த்தால் நாம் ‘டாட்ஜ் பண்றார்’ என்கிறோம். அது வினைச்சொல்: விலகுவது, நழுவுவது, தப்பிக்கப் பார்ப்பது. 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று மொழி ஆய்வாளர்களால் உறுதிசெய்ய முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில்தான் அதிலிருந்து டாட்ஜி என்ற பெயரடை கிளைத்தது. முதலில் ‘நழுவுகிற, தந்திரமான’ என்ற பொருளில் ஆட்களுக்கு வந்தது. பிறகு ஆட்களை விட்டு இறங்கிச் சாமான், உணவு, உடம்பு, வானிலை வரை பரவிவிட்டது.

1962-இல் லண்டன் பல்லேடியம் அரங்கிலிருந்து ஒளிபரப்பான புகழ்பெற்ற ஞாயிறு இரவு நிகழ்ச்சியின் தொகுப்பாளராக நார்மன் வாகன் வந்தார். கட்டைவிரலை மேலே தூக்கினால் ‘ஸ்விங்கிங்’, கீழே கவிழ்த்தால் ‘டாட்ஜி’ என்பது அவருடைய வாடிக்கைச் சொல்லாக இருந்தது. ஸ்விங்கிங் அந்தக் காலத்தோடு பழசாகிவிட்டது. டாட்ஜி இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது.

ஆகவே தமிழ்க் காதுக்கு இது ‘நழுவுகிற ஆள்’ என்று மட்டும் கேட்டால் பொருள் தப்பும். டாட்ஜி பிரேக் எங்கேயும் நழுவி ஓடாது. மிதித்தால் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாது, அவ்வளவுதான்.

பெயர்ச்சொல்லுக்கு ஏற்றபடி பொருள் எப்படி மாறும்?

ஒரு ஆளை, ஒரு வியாபாரத்தை, ஒரு ஒப்பந்தத்தைச் சொன்னால் நேர்மையில் சந்தேகம் என்று பொருள். பெரும்பாலும் பணம் சம்பந்தப்பட்ட நேர்மை. முன்பணம் வாங்கிக்கொண்டு பாதியில் காணாமல் போகும் கட்டட வேலைக்காரர், மீட்டரைத் திருகி ஓட்டிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டும் பழைய கார் வியாபாரி ஆகியோர் இந்தச் சொல்லின் நிரந்தர வாடிக்கையாளர்கள்.

உடம்பைப் பற்றிச் சொன்னால் நேர்மைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டாட்ஜி முழங்கால் என்றால் படியேறும்போது எப்போது காலை வாரும் என்று தெரியாத முழங்கால். டாட்ஜி வயிறு என்றால் இன்று வெளியே கிளம்ப யோசிக்க வைக்கும் வயிறு. ‘டாட்ஜி டிக்கர்’ என்று ஒருவர் தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் இதயக் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதல்ல. ‘டேக் கேர்’ என்று சொல்ல மறக்காதீர்கள்.

எந்திரமானால், வேலை செய்கிறது, ஆனால் மக்கர் பண்ணுகிறது என்று பொருள். வைஃபை, கிளட்ச், பிளக்கின் ஒயர், மைக் எல்லாம் இதில் அடங்கும். முழுசாகக் கெட்டுப்போனதற்கு டாட்ஜி என்று சொல்ல மாட்டார்கள். ஒருநாள் ஓடி ஒருநாள் நின்றால்தான் அந்தப் பெயர்.

சாப்பாடு என்றால் கெட்டிருக்கலாம், வயிற்றைக் கலக்கலாம் என்பது. திங்கட்கிழமை லீவு சொல்பவர்கள் சனிக்கிழமை ராத்திரி தின்ற கபாப்பின்மேல் பழியைப் போட இந்தச் சொல்லைத்தான் எடுப்பார்கள். யார் வீட்டிலாவது விருந்துக்குப் போன இடத்தில், அல்லது ஓட்டல்காரர் காதுபட, இதைச் சொல்லாதீர்கள். உப்புக் குறைவு, காரம் அதிகம் என்று சொல்வதுபோன்ற ருசி விமர்சனம் இல்லை இது. சுத்தத்தைப் பற்றிய குற்றச்சாட்டாகவே காதில் விழும்.

வானிலை, பயணம், சாலையைக் கடப்பது போன்றவற்றுக்கு வரும்போது ‘ஆபத்து உண்டு, யோசித்துச் செய்’ என்ற பொருள். கிரிக்கெட்டில் ஒரே ஆட்டத்தில் இதை மூன்று வெவ்வேறு பொருளில் கேட்கலாம். பந்து தாறுமாறாக எழும்பும் ஆடுகளம் டாட்ஜி, பின்தொடை இழுத்துப் பிடிக்கும் பந்துவீச்சாளரின் தசை டாட்ஜி, மட்டையில் பட்ட பந்துக்கு எல்பிடபிள்யூ கொடுத்தால் அந்தத் தீர்ப்பும் டாட்ஜி.

எக்ஸெல் ஷீட் அனுப்பினேன். ‘தீஸ் நம்பர்ஸ் லுக் எ பிட் டாட்ஜி’ என்று மேலாளர் பதில் போட்டிருக்கிறார். நான் தில்லுமுல்லு பண்ணினேன் என்கிறாரா?

இல்லை. எண்கள் ஒத்துவரவில்லை, ஒருமுறை பாருங்கள் என்கிறார். எழுவாய் ‘நம்பர்ஸ்’தான், நீங்கள் அல்ல. இந்த ஒரு வரியைத் தப்பாகப் படித்துவிட்டு, தன் நேர்மையை நிரூபிக்க நாலு பத்தி எழுதி அனுப்புபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவருக்கு இவர் ஏன் இவ்வளவு பதறுகிறார் என்றே புரியாது. அப்புறம்தான் நிஜமாகவே சந்தேகம் வரும்.

செய்ய வேண்டியது எளிது. எந்த வரிசை, எந்த மாதம் என்று கேளுங்கள். கூட்டுத்தொகையில் புதிதாகச் சேர்த்த வரிசைகள் உள்ளே வந்திருக்கின்றனவா பாருங்கள். தேதியையும் பாருங்கள்: பிரிட்டனில் 03/04 என்றால் ஏப்ரல் 3. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் அதையே மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு விற்பனையைப் போன மாதத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 12-க்கு மேற்பட்ட நாட்களைத் தேதியாகவே ஏற்காது. இப்படி ஒரு ஷீட் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் நிற்கும்போதுதான் பார்ப்பவருக்கு ‘ஏதோ இடிக்கிறதே’ என்று தோன்றும். அந்தத் தோன்றலுக்குத்தான் டாட்ஜி என்று பெயர்.

மாறாக, வாக்கியம் உங்களையே எழுவாயாக வைத்து, ‘யூ ஹாவ் பீன் எ பிட் டாட்ஜி’ என்று வந்தால் அது குற்றச்சாட்டு. அப்போது மின்னஞ்சலில் பதில் போடாமல் நேரில் அல்லது போனில் பேசுவது நல்லது.

‘எ பிட்’ சேர்த்தால் காரம் குறையுமா?

சொல்லளவில் குறையும், கருத்தளவில் குறையாது. பிரிட்டிஷ்காரர்கள் எதையும் ஒரு படி இறக்கிச் சொல்வார்கள். ‘எ பிட் டாட்ஜி’ என்றால் ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் ‘வெல் டாட்ஜி’ என்பார்கள். அங்கே ‘வெல்’ என்பது ‘நன்றாக’ என்பதல்ல, ‘ரொம்ப’.

ஒரு மனிதரை நேரடியாக டாட்ஜி என்று சொல்லலாமா?

நண்பர்களுக்குள், வேறு யாரையோ பற்றிப் பேசும்போது எல்லாரும் சொல்வதுதான். முகத்துக்கு நேரே சொன்னால் அவமதிப்பு. இது எவ்வளவு கனமான சொல் என்பதற்கு பிரிட்டன் நாடாளுமன்றத்திலேயே சாட்சி இருக்கிறது.

2016 ஏப்ரல் 11 அன்று, வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாகப் பணம் வைத்திருந்தவர்களைப் பற்றிய பனாமா ஆவணங்கள் கசிந்து சில நாட்களில், அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் தன் தந்தையின் வெளிநாட்டு முதலீட்டு நிதி குறித்து கீழவையான காமன்ஸ் அவையில் விளக்கம் அளித்தார். முன்னாள் சுரங்கத் தொழிலாளியும் தொழிற்கட்சியின் மூத்த உறுப்பினருமான டென்னிஸ் ஸ்கின்னர் எழுந்து அவரை ‘டாட்ஜி டேவ்’ என்றார். சபாநாயகர் ஜான் பெர்கோ அந்தப் பெயரடையைத் திரும்பப் பெறச் சொன்னார். ஸ்கின்னர் திரும்பப் பெறவில்லை. அதே பெயரை இன்னொரு முறை சொன்னார். அன்றைய கூட்டம் முடியும்வரை அவையை விட்டு வெளியேறும்படி உத்தரவாயிற்று.

காரணம், ஓர் உறுப்பினர் மற்றொருவரை நேர்மையற்றவர் என்று சொல்லக் கூடாது என்பது அந்த அவையின் மரபு. டாட்ஜி கொச்சைச் சொல்தான், வசவுச் சொல் அல்ல. ஆனாலும் ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் வந்ததும் ‘நேர்மையற்றவர்’ என்ற முழுப் பொருளும் ஏறிவிட்டது. முழங்காலைச் சொன்ன அதே சொல்தான்.

‘டாட்ஜி டாசியே’ என்று செய்திகளில் வருகிறதே, அது எது?

டாசியே என்பது ஒரு விஷயத்தைப் பற்றித் திரட்டிய ஆவணக் கோப்பு. 2003 பிப்ரவரி தொடக்கத்தில், ஈராக் போருக்குச் சில வாரங்கள் முன்பு, டோனி பிளேர் அரசு ஒரு கோப்பை வெளியிட்டது. சதாம் உசேன் ஆயுதங்களை எப்படி மறைக்கிறார் என்று உளவுத் தகவல்களைக் கொண்டு விளக்குவதாக அது சொல்லிக்கொண்டது. பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல் அதைப் பாராட்டியும் பேசினார்.

கேம்பிரிட்ஜில் அரசியல் கற்பித்த கிளென் ரங்வாலா அதைப் படித்தபோது, ஏற்கெனவே எங்கோ படித்ததாக இருக்கிறதே என்று கண்டார். தேடிப் பார்த்தால், இப்ராஹிம் அல்மராஷி என்ற ஆய்வு மாணவர் எழுதிய கட்டுரையின் பத்திகள் பெயர் சொல்லாமல் அப்படியே ஒட்டப்பட்டிருந்தன. எழுத்துப் பிழைகள், தப்பான இடத்தில் விழுந்த ஒரு காற்புள்ளி முதற்கொண்டு! நகலெடுத்ததற்கு அந்தக் காற்புள்ளியைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. பிப்ரவரி 6 அன்று சேனல் 4 செய்தியில் விஷயம் வெளிவந்தது.

நகலெடுத்தது மட்டும் இல்லை. மூலக் கட்டுரை, பகை நாடுகளில் உள்ள ‘எதிர்ப்புக் குழுக்களுக்கு’ ஈராக் உதவுவதாகச் சொன்ன இடத்தை, கோப்பு ‘பயங்கரவாத அமைப்புகளுக்கு’ ஆதரவு என்று மாற்றியிருந்தது. பத்திரிகைகள் அதற்கு டாட்ஜி டாசியே என்று பெயர் வைத்தன. இரண்டு டகரமும் மோதுவதில் உள்ள ஓசை ஒரு காரணம். இன்னொன்று, ‘பொய்க் கோப்பு’ என்று எழுதினால் உள்ளே இருப்பது எல்லாமே பொய் என்று நிறுவ வேண்டியிருக்கும். டாட்ஜி என்றால், இதை நம்பி ஒரு நாடு போருக்குப் போகலாமா என்ற கேள்வி மட்டும் போதும். இந்தச் சொல்லின் முழு வலிமையும் இந்த ஓர் எடுத்துக்காட்டில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

‘சஸ்பிஷியஸ்’ என்பதும் இதுவும் ஒன்றா?

சஸ்பிஷியஸ் இரண்டு பக்கமும் வெட்டும். சந்தேகப்படுபவரையும் அது குறிக்கும், சந்தேகத்துக்கு ஆளானவரையும் குறிக்கும். டாட்ஜி ஒருபோதும் சந்தேகப்படுபவரைக் குறிக்காது. ‘அவர்மேல் எனக்குச் சந்தேகம்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் டாட்ஜி’ என்று தொடங்கினால், உங்களை நீங்களே மோசடிக்காரர் என்று சொல்லிக்கொண்டதாகிவிடும். பெயர்ச்சொல்லாகவும் வராது. ‘எனக்கு ஒரு டாட்ஜி இருக்கு’ என்று வாக்கியம் அமைக்க முடியாது.

ஒப்பிட டாட்ஜியர், டாட்ஜியஸ்ட். லுக், சவுண்ட், ஸ்மெல், ஃபீல் ஆகிய வினைகளோடு இயல்பாகச் சேரும்.

அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில், அயர்லாந்தில்?

அமெரிக்கர்களுக்குப் புரியும், ஆனால் பிரிட்டிஷ் பேச்சு என்று உணர்வார்கள். அவர்கள் ஆளுக்கு ‘ஷேடி’, இடத்துக்கு ‘ஸ்கெட்சி’ என்பார்கள். சஸ்பிஷியஸின் சுருக்கமான, இன்றைய பிள்ளைகளின் ‘சஸ்’, 2020-இல் ‘அமாங் அஸ்’ விளையாட்டு பரவியபோது வீட்டுக்கு வீடு நுழைந்தது.

ஆஸ்திரேலியாவில் டாட்ஜி அன்றாடச் சொல். அதோடு ‘ஷாங்கி’ என்று ஒன்றும் உண்டு, குறிப்பாகத் தரமில்லாத சாமானுக்கும் ஏமாற்றுச் சேவைக்கும். அங்குள்ள ‘சாய்ஸ்’ என்ற நுகர்வோர் அமைப்பு 2006 முதல் ஆண்டுதோறும் மோசமான பொருட்களுக்கு ‘ஷாங்கி’ விருது கொடுத்து மானத்தை வாங்குகிறது.

அயர்லாந்தில் ‘டாட்ஜி பாக்ஸ்’ என்பது ஏறக்குறைய ஒரு பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. கட்டணச் சேனல்களைத் திருட்டுத்தனமாகக் காட்டும் டிவி பெட்டி அது. அக்கம்பக்கத்தில் சர்வசாதாரணமாகப் பேசுவார்கள் என்பதற்காக அது சட்டப்படியானது என்று நினைத்துவிடாதீர்கள். இப்படித் திருட்டு இணைப்புகளோடு தயார் செய்த பெட்டியை விற்பது பதிப்புரிமை மீறல் என்று 2017-லேயே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

டாட்ஜ் காருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அது கம்பெனியை நிறுவிய ஜான், ஹோரஸ் சகோதரர்களின் குடும்பப் பெயர். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்குத் தொடர்பு உண்டு. அவர்கள் முதலில் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தார்கள். அங்கே தெருவில் பாய்ந்துவரும் டிராம் வண்டிகளுக்கு விலகி ஓடும் மக்களைக் குறித்து எழுந்த பட்டப்பெயர் அது. பொருட்காட்சியில் நாம் ‘டேஷிங் கார்’ என்று ஏறி இடித்துக்கொள்ளும் வண்டிக்கு பிரிட்டனில் ‘டாட்ஜம்’ என்று பெயர். நாம் இடிப்பதை வைத்துப் பெயரிட்டோம், அவர்கள் விலகுவதை வைத்து.

தமிழில் எப்படிச் சொல்வது? சப்டைட்டில் எழுத வேண்டியிருக்கிறது.

ஒரே சொல்லைத் தேடினால் ‘சரியில்லை’ தான் எனக்குத் தெரிந்து அதிக தூரம் வரும். ஆள் சரியில்லை, வயிறு சரியில்லை, ஏரியா சரியில்லை, பிரேக் சரியில்லை. ‘ஒரு மாதிரி’ இன்னும் நெருங்கி வரும், ஏனென்றால் அதிலும் இன்னதென்று சொல்லாத சந்தேகம் இருக்கிறது. ஆனால் ‘ஆள் ஒரு மாதிரி’ என்றால் தமிழில் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். பணத்தில் கை வைக்கும் ஆளுக்கு அது பொருந்தாது.

போலிச் சரக்குக்கு டுபாக்கூர், கணக்குக்கு கோல்மால், எந்திரத்துக்கு மக்கர் என்று இடம் பார்த்து மாற்றுவதே நல்லது. ‘சந்தேகத்துக்கிடமான’ என்பதைத் தவிர்க்கச் சொல்வேன். காவல் நிலையச் செய்திக் குறிப்பின் வாடை அடிக்கும். பாத்திரம் சாதாரணமாகப் பேசும்போது அது ஒட்டாது.

தேர்விலும் அலுவல் கடிதத்திலும் எழுதலாமா?

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் தாராளமாகச் சொல்லலாம், இடம் பொருந்தினால் இயல்பாகவே இருக்கும். கட்டுரையில் வேண்டாம், ‘அன்ரிலையபிள்’ அல்லது ‘கொஸ்சனபிள்’ என்று எழுதுங்கள். புகார்க் கடிதத்தில் ஒரு கடைக்காரரையோ வீட்டுக்காரரையோ இப்படி எழுதவே கூடாது. நடந்ததைத் தேதியோடு எழுதினால் போதும்.

லண்டனில் வீடு பார்க்கிறேன். ‘அந்த ஏரியா டாட்ஜி’ என்கிறார்கள். நம்பலாமா?

சொன்னவரிடம் ‘எதனால் அப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். ராத்திரி போன் பறிப்பு நடக்கிறது, பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை விளக்கு இல்லை என்று குறிப்பாகச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். ‘சும்மா, ஒரு ஃபீலிங்’ என்று மழுப்பினால் கவனம் தேவை. ஏழைகளும் குடியேறிகளும் அதிகம் வாழும் பகுதி என்பதற்காகவே இந்தச் சொல்லை ஒட்டிவிடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். நம் ஆட்கள் கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழும் தெருக்களையும் அப்படிச் சொல்வார்கள். காரணம் கேட்காமல் அந்தச் சொல்லை நாமும் வாங்கித் திருப்பிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பகலில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள். இங்கிலாந்தில் தெருவாரியான குற்றப் பதிவுகளைக் காவல்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

ஏரியாவைவிட வீட்டுக்காரர் டாட்ஜியா என்று பார்ப்பது முக்கியம். இங்கிலாந்தில் வழக்கமான குத்தகையில் நீங்கள் கொடுக்கும் டெபாசிட்டை அவர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிந்து, அதன் விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். எந்தத் திட்டம் என்று கேட்டதற்கு நேர் பதில் வராவிட்டாலோ, வீட்டைக் காட்டாமலே பணம் அனுப்பச் சொன்னாலோ, சாவிக்கு முன்னால் ரொக்கம் கேட்டாலோ வேறு வீடு பாருங்கள்.